கால் விரலுக்கு ஒரு பட்டன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, கேரளத்தில் கர்க்கடகம் என்று சொல்லும் ஆடி மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் மட்டாஞ்சேரியில் நடந்தது இது.

நான் பிறந்தது விருதுநகர் பக்கம். கல்யாணமாகிக் கொச்சிக்கு வந்தேன். கணவருக்கு ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. நான் இடப்பள்ளியில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை பழகி, பிறகு மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்குகள் இருக்கும் தெருவில் சின்னதாக ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, நானே கடை போட்டுவிட்டேன். வருகிற வேலை பெரும்பாலும் செல்போன்தான். ஆனால் திருப்பூணித்துறையிலிருந்தெல்லாம் என்னைத் தேடிக்கொண்டு ஆள் வருவது இன்னொரு வேலைக்காக. பழைய வீடியோ கேம் பெட்டிகள்.

சிடி போட்டு விளையாடும் அந்தக் காலத்துப் பெட்டிகளைச் சிலர் இன்னும் வைத்திருக்கிறார்கள். அப்படியே வைத்திருப்பதில்லை. உள்ளே வேறு சிப் வைத்து, மெமரி கார்டிலிருந்து கேம் ஓடும்படியும், புது டிவியில் படம் தெரியும்படியும் மாற்றி விடுவார்கள். மாற்றிய பெட்டி கெட்டுப்போனால் மற்ற கடைக்காரர்கள் தொட மாட்டார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்பது மாற்றியவருக்குத்தானே தெரியும்? எனக்கு அந்தத் தலைவலி பிடிக்கும். ஒரு முடிச்சை அவிழ்க்கிற மாதிரி உட்கார்ந்து அவிழ்ப்பேன்.

அன்று மத்தியானம் ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருக்கும். இடக்கொச்சியில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றில் வேலை. அந்தச் சீருடையோடேயே வந்திருந்தார். குடை இருந்தும் தலை முழுக்க நனைந்திருந்தது. குடையைத் தனக்குப் பிடிக்காமல், கையிலிருந்த பைக்குப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். பையில் துண்டில் சுற்றிய ஒரு கேம் பெட்டி.

அவர் கணவருடைய பெட்டி. போட்டால் ஓடுகிறது, விளையாட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அணைந்து திரும்ப முதலிலிருந்து வருகிறது என்றார். கடை மேஜையில் ஏற்கெனவே வேலை குவிந்திருந்தது. இரண்டு வாரம் ஆகும் என்றேன். அவர் பேரம் பேசவில்லை, கெஞ்சவும் இல்லை.

"ரெண்டு வாரம் பற்றாது சேச்சி. அப்போ அவரோட காலு அசையுமோ என்னமோ" என்றார்.

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொல்லிப் பக்கத்துக் கடையிலிருந்து சாயா வாங்கிக் கொடுத்தேன். மெதுவாகச் சொன்னார். கணவருடைய குடும்பம் பல தலைமுறைக்கு முன்பே மட்டாஞ்சேரிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் படித்தது எலக்ட்ரானிக்ஸ். இந்த மாதிரிப் பெட்டிகளை வாங்கி மாற்றுவதுதான் அவருடைய ஒரே பைத்தியம். கல்யாணமான புதிதிலிருந்தே சாயங்காலம் இவர் வேலை விட்டு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுவார்களாம். பிறகு அவருக்கு நரம்பு நோய் வந்திருக்கிறது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டே போகும் வியாதி. மருந்து கிடையாது என்று டாக்டர்கள் நேரடியாகவே சொல்லிவிட்டார்கள். முதலில் விரல்கள், பிறகு கைகள். இப்போது பேச்சும் குழற ஆரம்பித்திருந்தது. மிச்சம் இருந்தது வலது கால் பாதமும், தாடையும்.

கை போய்க்கொண்டிருந்த நாட்களிலேயே அவர் அந்தப் பெட்டியைத் தனக்காக மாற்றியிருக்கிறார். கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை அறுத்து, அதன் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி ஒயர் இழுத்து, கால் கட்டைவிரலால் அமுக்க ஒரு பட்டன், தாடையால் தள்ள ஒரு பட்டன் என்று பொருத்தியிருக்கிறார்.

"நான் சோறு ஊட்டணும், நான் திருப்பிப் படுக்க வைக்கணும். இது ஒண்ணுலதான் அவரு என்னைத் தோற்கடிப்பாரு" என்று சொல்லிவிட்டு, சாயாவைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அந்தப் பெட்டியைத் திறந்தேன்.

எங்கள் தொழிலில் ஒருவருடைய சால்டரை, அதாவது ஈயம் பற்றவைத்த விதத்தைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடலாம். அந்தக் கணவர் முதலில் செய்த வேலைகளைப் பார்த்து அசந்துபோனேன். சிப்பின் கால்களில் தலைமுடி போன்ற ஒயர்களை வரிசையாகப் பற்றவைத்திருந்தார். ஒவ்வொரு ஈயப் புள்ளியும் கடுகு மாதிரி, பளபளவென்று, ஒரே அளவு. அந்த இடத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கொஞ்ச நேரம் சும்மாவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு போர்டின் இன்னொரு ஓரத்துக்கு வந்தேன். கால் பட்டனுக்கும் தாடைப் பட்டனுக்கும் ஒயர் இழுத்த இடம். அங்கே ஈயம் கட்டி கட்டியாக நின்றது. சில இடங்களில் வழிந்து பக்கத்துப் புள்ளி வரை வந்திருந்தது. பக்கத்தில் பிளாஸ்டிக் உருகி, பற்றவைக்கும் அயனின் முனை வழுக்கிப் போன கோடுகள். ஒயர்களின் நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. முதல் ஒயரைவிட அடுத்தது மோசம், அதைவிட அடுத்தது மோசம். கடைசி ஒயர் ஈயத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

யாரோ ஒரு அரைகுறை கை வைத்துவிட்டான் என்று வழக்கமாகத் திட்டுகிற மாதிரி வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. இரண்டும் ஒரே கை. அந்த மனிதருடைய கை கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போனது அந்தப் பச்சைப் போர்டில் அப்படியே இருந்தது. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, வாசலில் போய் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோளாறைக் கண்டுபிடிக்க மறுநாள் மத்தியானம் வரை ஆனது. முதலில் மின்சாரம் வரும் பகுதியைப் பார்த்தேன், சரியாக இருந்தது. சந்தேகத்துக்குப் பழைய கெபாசிட்டர்களை மாற்றினேன். அப்படியும் அணைந்தது. ஒவ்வொரு ஒயராக மரக்குச்சியால் அசைத்துப் பார்த்தபோது, கால் பட்டனுடைய ஒயரைத் தொட்டதும் பெட்டி அணைந்து திரும்ப வந்தது. ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கடைசி ஒயர்தான். டிரை சால்டர், ஈயம் சரியாகப் பிடிக்காமல் விட்ட இணைப்பு. காலால் அமுக்கும்போது ஒயர் இழுபட்டு, அதன் ஒரு இழை பக்கத்தில் மின்சாரம் வரும் புள்ளியில் போய் இடிக்கிறது. அவ்வளவுதான்.

அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் சுத்தமாகப் பற்றவைத்தேன். மற்ற கட்டிகளைத் தொடவில்லை. தொட மனம் வரவில்லை. அவருடைய கை கடைசியாகச் செய்த வேலை இது, இதை அழிக்க நான் யார் என்று தோன்றியது. அப்படி விட்டதில் எனக்குள்ளே ஒரு நிறைவு கூட இருந்தது.

அவருடைய பட்டன்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் சரியாகிவிட்டதா என்று தெரியும். அதனால் அன்று சாயங்காலம் நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறை. கீழே கிடங்கு, சுக்கு வாசனை மாடி வரை வந்தது. அவர் சாய்வுக் கட்டிலில் இருந்தார். கழுத்து சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். என் வயதுதான் இருக்கும். கைகள் மடிமேல் எடுத்து வைத்த பொருள் மாதிரிக் கிடந்தன. கண்கள் மட்டும் அறைக்குள் வந்த என்னைவிடச் சுறுசுறுப்பாக இருந்தன.

அவர் பேசியது எனக்கு முதலில் பிடிபடவில்லை. மனைவி ஒவ்வொரு வாக்கியத்தையும் திருப்பிச் சொன்னார். பெட்டியைக் கொண்டு வந்ததற்குக் கணவர் நன்றி சொன்னார். பிறகு என்ன கோளாறு என்று கேட்டார். ஒரு டிரை சால்டர் என்றேன்.

"முன்னால போட்டதா, பின்னால போட்டதா?"

இது எனக்கே புரிந்துவிட்டது. மனைவி திருப்பிச் சொல்லவும் இல்லை. கை போவதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்கிறார் எனத் தெரிந்து, பின்னால போட்டது என்று சொன்னேன். மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். நிறைய நேரம் பார்த்தார். நான் போட்ட அந்த ஒன்றையும் பார்த்தார், அதன் பக்கத்தில் நின்ற கட்டிகளையும் பார்த்தார்.

மற்றதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். உங்கள் கை வேலையைக் கலைக்க மனம் வரவில்லை அண்ணா என்று உள்ளதைச் சொன்னேன். அவர் நெகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருக்குக் கோபம் வந்தது. முகத்தில் அதிகம் தெரியவில்லை. முகத்துத் தசைகளும் தளர்ந்திருந்தன. மூச்சு மட்டும் வேகமானது. ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அது வேலை இல்ல. கையி போகும்போ செஞ்சது. நாளைக்கு அதும் விடும். நான் போன பின்னே, இவ இதைத் தூக்கிண்டு கடை கடையா அலையணுமா? எல்லாத்தையும் எடுங்கோ. புதுசா போடுங்கோ."

அவர் மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் போன பின்னே என்று அவர் சொன்னது அந்த வீட்டில் முதல் தடவை இல்லை என்று அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

என் பையில் அயன் இருந்தது. ஜன்னலோரம் மேஜையை இழுத்துப் போட்டு, அவர் பார்க்கும்படி வைத்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு கட்டியாகச் சூடாக்கி உறிஞ்சி எடுத்தேன். எந்த ஒயர் எந்தப் பட்டனுக்கு என்று அவர் சொல்லச் சொல்லத் திரும்பப் போட்டேன். ஒரு கட்டியை எடுக்கப் போனபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். எடுத்து முடித்த பிறகுதான் திறந்தார்.

கடைசியாக ஒரு ஒயர் மிச்சம் இருந்தபோது நிறுத்தச் சொன்னார். மனைவியைக் கூப்பிட்டு, இதை அவள் போடட்டும், எப்படி என்று காட்டிக் கொடுங்கள் என்றார். அவர் மனைவி வேண்டாம் வேண்டாம் என்று பின்னால் நகர்ந்தார். மீன் கம்பெனியில் கத்தி பிடிக்கிற கை, இதெல்லாம் எனக்கு வராது என்றார். அவர் விடவில்லை. நான் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். முதலில் புள்ளியைச் சூடாக்க வேண்டும், ஈயத்தை அயனில் தொடாமல் புள்ளியில் தொட வேண்டும், உருகியதும் ஊதாமல் அசையாமல் காத்திருக்க வேண்டும். இவ்வளவுதான் சொன்னேன். அவர் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தார். ஈயம் உருண்டு ஒரு கட்டியாக நின்றது.

நான் அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"என்னோடதை விட மோசம்" என்றார். பிறகு ஒரு சத்தம் வந்தது. இருமலோ என்று பயந்தேன். சிரிப்பு. அவர் மனைவியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனார். திரும்பி வர நேரம் ஆனது.

எடுத்து மறுபடி போடச் சொன்னார் அவர். மூன்றாவது தடவை சரியாக வந்தது. மதி, போதும் என்றார்.

பிறகு விளையாடினார்கள். கட்டைவிரலுக்கு அடியில் பட்டனை வைத்து, தாடைக்குப் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்தி, மனைவி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தார். இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் பழைய கேம். பெட்டி அணையவில்லை. மனைவி வேண்டுமென்று விட்டுக்கொடுக்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடினார். தோற்றார். சாயா கொடுத்தார்கள், குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த மழைக்காலம் முடியுமுன்பே அவருடைய கால் நின்றுவிட்டது. பட்டனைப் புருவத்துக்கோ கன்னத்துக்கோ மாற்றி வைக்க முடியுமா என்று மனைவி போனில் கேட்டார். போய்ப் பார்த்தேன். இரண்டு மூன்று விதமாக முயன்றோம். அவருக்குச் சீக்கிரமே களைத்துப்போனது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அதன்பிறகு மனைவி மட்டும் விளையாடுவாராம், அவர் பார்ப்பாராம். அடுத்த வருஷம் சித்திரை விஷுவுக்கு முன்னால் அவர் போய்விட்டார். நான் போனபோது வீடு நிறைய ஆட்கள். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சில மாதம் கழித்து, போன் திரை உடைந்ததென்று கடைக்கு வந்தார். நிறைய மெலிந்திருந்தார். வேலை முடியும்வரை உட்கார்ந்திருந்தவரிடம், கேட்கலாமா கூடாதா என்று யோசித்து, அந்தப் பெட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"விளையாட மாட்டேன் சேச்சி. ஞாயித்துக்கிழமை போட்டு, ஓடுதான்னு நோக்குவேன், அணைச்சுடுவேன். நடுவுல ஒரு ஒயர் விட்டுப் போச்சு. நான் போட்டதாக்கும் அது. ஒரு அயன் வாங்கி நானே போட்டேன்."

எப்படி வந்தது என்று கேட்டேன். மோசம்தான், ஆனால் ஓடுகிறது என்றார். போனை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

சாகப் போகிற ஒருவருக்கு நான் உருகி நிற்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை, தான் இல்லாத வீட்டில் தன் மனைவி ஒருத்தியாகச் சமாளிப்பாளா என்பதுதான் அவருக்குக் கவலை என்பதை அந்த மனிதர் கோபப்பட்டுத்தான் எனக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. இன்றும் துக்கம் நடந்த வீட்டுக்கோ நடக்கப்போகிற வீட்டுக்கோ போகும்போது, ஆறுதல் சொல்ல வாய் எடுப்பதற்கு முன்னால், இங்கே என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்கிறேன்.