ஏழாம் நம்பரின் மூன்று ஃபவுல்

திம்மராயன் போய்விட்டார்.

இன்று காலை, காவேரிப்பட்டினத்தில், அவர் வீட்டிலேயே. இட்லி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் அப்படியே... என்று அவர் மனைவி ரத்னம்மா போனில் சொன்னார். நான்கு மாதமாக மூச்சுக்குப் போராடியவர். கடைசியில் கஷ்டப்படவில்லை. அந்த மட்டும் நிம்மதி.

ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் பாஸ்கெட்பால் ஆடியவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஃபேக்டரியில் லேத் ஆபரேட்டர். ஃபேக்டரி டீமில் கார்டு.

கார்டு என்றால்... டவுன் பஸ்ஸை டிரைவர்தான் ஓட்டுகிறார், ஆனால் எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது எல்லாம் கண்டக்டர் விசிலில் இருக்கிறது இல்லையா? ஆட்டத்தில் அந்தக் கண்டக்டர்தான் கார்டு. இவர் உயரம் ஐந்தடி நாலு அங்குலம். ஆறடி ஆட்களெல்லாம் இவர் கண் ஜாடைக்கு ஓடுவார்கள்.

வெளியூர் டீம் வந்தால் தெலுங்கில் கத்தி ஆட்டத்தை நடத்துவார். அவர்களுக்கு ஒன்றும் புரியாது. உள்ளூர் டீமிடம் அது எப்படி நடக்கும்? ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் எல்லோருக்கும் வரும். ஒருமுறை "எடம பக்க!" என்று கத்தினார். எதிர் டீம்காரன் இடது பக்கம் போய் வழியை மறித்து நின்றுகொண்டு, கன்னடத்தில் "கொத்தாய்த்து சாமி, பா!" என்றான். தெரிஞ்சுபோச்சு, வா என்று.

பந்து வலது பக்கம் போய் பாஸ்கெட் விழுந்தது. "உனக்குத் தெலுங்கு வரும்னு எனக்கும் தெரியும்டா" என்றார் திம்மராயன்.

இன்றைக்கும் அந்தக் கோர்ட்டில் ஒரு பக்கம் பார்த்து மறு பக்கம் பந்து கொடுத்தால் "திம்மா போட்டான்" என்றுதான் சொல்கிறார்கள். அவரைப் பார்த்தே இராதவர்களும்.

நான் எழுத வந்தது வேறு.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு ஃபைனலில். எங்கள் பள்ளி மைதானம். டிரில் மாஸ்டர் லீவு. கணக்கு வாத்தியார்தானே என்று என்னை ஸ்கோர் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஏழாம் நம்பர் முதல் பாதியில் மந்தமாக ஆடினார். இரண்டு ஃபவுல் வேறு. இடைவேளைக்குப் பிறகு அதே ஏழு பறக்கிறது! டீ குடித்ததும் தெம்பு வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நான் பனியனைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் ஏழுக்கு இன்னும் மூன்று ஃபவுல். ஆக ஐந்து. ஐந்தானால் வெளியே. நான் கையைத் தூக்கினேன், ரெஃப்ரி விசில் அடித்தார். திம்மராயன் என்னை ஒரு பார்வை பார்த்தார்... பேசாமல் போய் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரே பாஸ்கெட்டில் அவர் டீம் தோற்றது.

ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். அங்கே யாரோ சொன்னார்: "திம்மா ரெண்டு மணிக்குத்தான சார் ஷிப்ட் விட்டே வந்தான். மொத பாதி ஆடுனது நாகராஜு. அவன் லேட்டா செகண்ட் ஷிப்ட் போயிட்டான்."

ஒரே பனியன். அந்த நாளில் எல்லா டீமிலும் உண்டு, ஷிப்ட் அப்படி. ஆனால் மாறி வருகிற ஆள் பெயரைக் கேட்டு எழுதுவது மேஜையில் இருப்பவன் வேலை. நான் கேட்கவில்லை. ஒரு பையன் வாங்கிய முட்டையை இன்னொருவன் பேப்பரில் போட்ட மாதிரி.

அதன்பிறகு இருபது வருடம் அவர் ஆடினார். பெங்களூர் கிளப்புகள் கூப்பிட்டும் போகவில்லை. நானும் விடாமல் போய்ப் பார்த்தேன். நண்பர்களாகவும் ஆனோம். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பார்வை...

போன மாதம் உடம்பு மோசம் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். இந்தமுறை சொல்லாமல் திரும்பக் கூடாது என்று.

சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, ரத்னம்மா தண்ணீரோடு ஓடி வந்தார்.

"இன்னா சார் நீங்க... அஞ்சு வரைக்கும் எனக்கு எண்ணத் தெரியாதா? அப்பவே தெரியும்."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"நாகராஜு அப்ப ட்ரெய்னி சார். ட்ரெய்னி டீம்ல ஆடக் கூடாது. லிஸ்ட்ல அவன் பேரே இல்ல. அதான் மேஜைக்கே வராம டென்ட்டுக்குப் பின்னாடி பனியன மாத்தினோம். நான் வாயத் தொறந்தா டீமே அவுட்டு, அவன் வேலையும் போயிருக்கும்."

"அப்படியென்றால் அந்தப் பார்வை?"

"பயம் சார்! எங்க இந்த வாத்தியாரு மூஞ்சிய உத்துப் பாத்துருவாரோன்னு. நீங்க குனிஞ்சி எழுதுனீங்க பாருங்க... அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சி."

நான் குற்றம் என்று சுமந்ததை அவர் நன்றி என்று வைத்திருந்திருக்கிறார். "காபி ஆறுது, ரெண்டு பேரும் குடிங்க முதல்ல" என்றார் ரத்னம்மா.

நான் கிளம்பும்போது அவரால் வாசல் வரை வர முடியவில்லை. கட்டிலிலிருந்தே கத்தினார். "சார், எனக்கு மூணுதான்னு ஒத்துக்கிட்டீங்க! அப்ப இன்னும் ஒரு ஃபவுல் பண்ணிட்டு நான் உள்ளயே இருக்கலாம்!"

அன்று பஸ்ஸில் கிருஷ்ணகிரி வருவதற்குள் தூங்கிவிட்டேன். அத்தனை லேசாக இருந்தது.

இன்று மதியம் எடுத்துவிட்டார்கள். நாகராஜு வந்திருந்தார். தலை முழுக்க வெள்ளை. அவர்தான் முன்னால் தோள் கொடுத்தார்.

சரி திம்மராயன். ஷீட்டைத் திருத்தியாயிற்று. உங்களுக்கு மூன்றுதான்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது... போய் வாருங்கள்.