எனிட் மறுத்த முட்டை

இங்கிலாந்தில், எங்கள் லிங்கன்ஷயரில், இரண்டாம் உலகப் போரில் பறந்த லங்காஸ்டர் விமானத்தைப் பற்றிப் பெருமை பேசாத வீடு கிடையாது. நான்கு எஞ்சின், ஏழு பேர், வயிறு நிறையக் குண்டு. எனிட் ப்ரோக்கில்ஸ்பி மட்டும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போரின்போது ஹல் நகரத்தில் விழுந்த ஜெர்மன் குண்டு அவளுடைய ஒரே தங்கையை விழுங்கியது. அழுத கண்ணோடு விமானப்படையில் சேர்ந்தாள். தளத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் வேலை. போர்க்காலப் பங்கீட்டில் ஊரில் வாரத்துக்கு ஒரு முட்டை கிடைத்தாலே பெரிது. குண்டு போட்டுத் திரும்புகிறவர்களுக்கு மட்டும் அங்கே பொரித்த முட்டை உண்டு. ஒவ்வொரு முட்டையையும் தங்கைக்குப் படைப்பதாகவே நினைத்து வைப்பாள்.

ஒருநாள் நார்மன் ஹெப்பிள் என்ற இளம் விமானி, எஞ்சின் சரியில்லை என்று பாதிக் கடலிலிருந்தே திரும்பிவிட்டான். வந்து தட்டை நீட்டினான்.

"முட்டையா? அது ஜெர்மனிக்குப் போய்ட்டு வந்தவங்களுக்குத் தம்பி! கடல்ல கால் நனைச்சுட்டு ஓடி வந்தவங்களுக்கு ரொட்டி போதும்."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ரொட்டிக்கு ஜாமாவது உண்டா அக்கா?" என்று ஒருவன் கிண்டலைத் தொடர்ந்தான். நார்மனுக்கு முகம் காது வரை சிவந்தது.

மறுநாள் எஞ்சின் பழுது பார்க்கும் ஆல்ஃப் டீ குடிக்க வந்தான்.

"எண்ணெய்க் குழாய் வெடிச்சிருக்கு எனிட். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா றெக்கையே பத்தியிருக்கும். பய ஏழு உயிரைக் காப்பாத்திட்டான்!"

 எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் திரும்பப் பெற வேண்டும் என்று எனிட் நினைத்தாள். வேறு எஞ்சின் மாட்டிய அன்று மாலை, கிளம்பும் முன் நார்மன் சாப்பிட வந்தான். கூடம் நிரம்பி வழிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் அவன் மேஜைக்குப் போனாள்.

"டீ ஊத்தட்டுமா?" என்றுதான் கேட்டாள், பாவி.

அன்று போனவன் திரும்பி வரவில்லை.

போர் முடிந்தபின், ஜெர்மன் சிறையிலிருந்து மீண்ட வில்ஃப் அவளைத் தேடி வந்தான். நார்மன் விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கிக்காரன்.

"அன்னிக்கும் ஒரு எஞ்சின் நின்னுபோச்சுக்கா. திரும்பிடலாம்னு கெஞ்சினோம். 'எனிட் அக்கா கையால மறுபடியும் ரொட்டி வாங்கணுமாடா?'ன்னு சிரிச்சான். மூணு எஞ்சினோட பின்தங்கி, தனியா ஜெர்மன் சண்டை விமானத்துகிட்ட மாட்டிக்கிட்டோம். நான் ஒருத்தன்தான் குதிச்சுப் பொழச்சேன்."

வில்ஃப் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. "அவன் அம்மாவைப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்கக்கா" என்றான்.

கிரிம்ஸ்பியில், மீன் துறைமுகத்துக்குப் பின்னால் நார்மனின் வீடு. வில்ஃப் அவளை இன்னார் என்று சொன்னதும், அந்தத் தாய் எனிட்டின் இரு கைகளையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"எம் புள்ளைக்குக் கடைசியா சாப்பாடு போட்ட கை!"

 எனிட் கைகளை உருவிக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள்.

தாய் எழுந்து அடுப்பிலிருந்த கெட்டிலை இறக்கி வைத்தாள்.

"எஞ்சின் கெட்டுது, அவன் விதி அவ்வளவுதான்னு மனசைத் தேத்தி வச்சிருந்தேன். இப்ப எதுக்கும்மா சொன்னே? உன் பாரம் இறங்கணும்னா?"

 வில்ஃப்தான் எனிட்டின் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தான். அதன்பின் சாகும்வரை அவள் கிரிம்ஸ்பி பக்கம் போனதில்லை. அந்த ஊர் மீன்கூட அவள் வீட்டில் சமைத்ததில்லை.