உள்ளே மட்டும் கேட்கிற பீப்

பெங்களூரிலிருந்து காட்டி சுப்ரமண்யா கோயிலுக்குப் போக நினைப்பவர்களுக்கு வழி, நேரம், செலவு எல்லாம் எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதெல்லாம் கீழே வரும். ஆனால் போய் வந்து மூன்று வாரமாகியும் கோபம் ஆறவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

2009 கார்த்திகை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் என் தங்கை திலகா முதல் தடவையாக வைட்ஃபீல்டுக்குத் தனியாக வேலைக்குப் போக வேண்டும். திலகாவுக்குப் பிறவியிலிருந்தே கண் தெரியாது. ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். இத்தனை வருடமும் ஆபீஸ் ரெசிடென்சி ரோட்டில் இருந்தது. காக்ஸ் டவுனில் எங்கள் சந்து முனையில் ஒரே பஸ் ஏறினால் போதும். இப்போது ஆபீசை வைட்ஃபீல்டுக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கம்பெனி வண்டி உண்டு, ஆபரேட்டருக்குக் கிடையாது. இரண்டு பஸ் மாறி, இறங்கி, வரிசையாக நாலு ஆபீஸ் கேட்டைத் தாண்டி நடக்க வேண்டும். ஒரு வாரம் நானும் கூடவே போய் வழி பழக்கினேன். வண்டிச் சத்தத்தை வைத்தே அவள் ரோடு கடப்பாள். எது ஆட்டோ, எது லாரி, எது நிற்கிறது, எது கிளம்புகிறது என்பதெல்லாம் காதுக்குத் தெரியும்.

முருகனை ஒரு நடை பார்த்துவிட்டு வந்து ஆரம்பிக்கலாம் என்று நான்தான் சொன்னேன். என் கொழுந்தனார் செந்தில் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து வைட்ஃபீல்டில் அபார்ட்மெண்ட் வாங்கியிருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஹைப்ரிட் கார் ஒன்றும் வைத்திருக்கிறார். பாதி பெட்ரோல், பாதி கரண்ட். “நம்ம வண்டிலயே போலாம் அண்ணி, பெட்ரோல் குடிக்காது” என்றார். சரி என்றோம்.

காலை ஆறு பத்துக்கு நான், என் வீட்டுக்காரர், திலகா, செந்தில் நாலு பேரும் கிளம்பினோம். ஹெப்பாள், எலஹங்கா, தொட்டபள்ளாபுரம் வழியாக ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. எலஹங்கா தாண்டினால் டிபனுக்கு நல்ல கடைகள் இருக்கின்றன. நாலு பேருக்கு இட்லி, காபி நூற்றிருபது ரூபாய். கார் நன்றாகத்தான் ஓடியது, அதைக் குறை சொல்லவில்லை. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக நின்றுவிடும். திலகா ஒவ்வொரு தடவையும், “செந்திலு, வண்டி ஆஃப் ஆயிடுச்சுப்பா” என்பாள். அவர் சிரிப்பார்.

கோயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஒரே கல்லில் முன்பக்கம் சுப்ரமணியர், பின்பக்கம் நரசிம்மர். பின்னால் இருக்கும் நரசிம்மரை நாம் பார்ப்பதற்காக ஒரு கண்ணாடியை மாட்டி வைத்திருக்கிறார்கள். அதில் பார்த்துத்தான் கும்பிட வேண்டும். நான் அதைத் திலகாவின் காதில் சொன்னேன். “சாமிக்கே பின்னாடி பாக்க கண்ணாடியா” என்று சிரித்தாள். ஞாயிறு ஆனாலும் எட்டரைக்குள் போனால் தரிசனம் அரை மணியில் முடிந்துவிடும். கண் குளிரப் பார்த்தேன். அவளுக்கும் சேர்த்துத்தான்.

வெளியே வந்து காருக்குப் போனோம். செருப்பைக் காரின் பின்னாலேயே கழற்றிவிட்டுப் போயிருந்தோம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். செந்தில் ஏ.சி. போடுவதாகச் சொல்லி முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டார். நானும் என் வீட்டுக்காரரும் பத்தடி பின்னால் தேங்காய்க் கடையில் பிரசாதப் பையை வாங்கிக்கொண்டிருந்தோம். திலகா காரைக் கையால் தடவிக்கொண்டே பின்பக்கம் போனாள், குந்தி உட்கார்ந்தாள், செருப்பு வாரை மாட்டினாள். எஞ்சின் சத்தம் இல்லை. நிற்கிற கார் என்றுதான் எந்தக் காதும் சொல்லும்.

கார் பின்னால் வந்தது.

தேங்காய்க் கடை அம்மா, “ஏ நில்ஸு, நில்ஸு” என்று கன்னடத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடி, டிக்கியில் ஓங்கி அடித்தார். அந்த அம்மாவை முருகன் நன்றாக வைக்க வேண்டும். பம்பர் தோளில் இடித்து, திலகா பக்கவாட்டில் விழுந்திருந்தாள். முழங்கால் முழுக்கச் சிராய்ப்பு. அவளுடைய வெள்ளைக் கோல் சக்கரத்தின் அடியில் இரண்டாக உடைந்து கிடந்தது.

நாங்கள் ஏற வசதியாக வண்டியைப் பின்னால் எடுத்த செந்தில், இறங்கி வந்து சொன்ன முதல் வார்த்தை இது: “என்ன அண்ணி, பாத்து நிக்க வைக்க வேணாமா?”

நான் திலகாவின் முழங்காலைத் துடைக்க உட்கார்ந்தேன். பதில் சொன்னது அவள்தான். “பாத்து நிக்கலாம்தான் தம்பி, கண்ண எங்க வாங்கறதுன்னு நீ சொல்லு.”

“அதில்லக்கா, வண்டி ரிவர்ஸ்ல பீப் பீப்னு அடிக்குமே. கேக்கலயா?”

“பீப்பா? ஒண்ணும் கேக்கலியே.”

“இல்லக்கா, நல்லா சவுண்டா அடிக்கும்.”

இத்தனை நாள் சத்தத்தை நம்பியே வாழ்கிறவளிடம், உன் காது சரியில்லை என்கிறார். திலகா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “சரி, திரும்ப எடு. நான் ஓரமா நின்னு கேக்கறேன்” என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். கார் பின்னால் வந்தது. டயரின் அடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. சிமெண்ட் தரைக்கு வந்ததும் அதுவும் இல்லை. நான் கண்ணால் பார்க்கிறேன், இரண்டு டன் இரும்பு வருகிறது, பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை.

அடுத்து அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். “இப்ப எடு.” ரிவர்ஸ் போட்டார். உள்ளே பீப், பீப், பீப். கதவைச் சாத்திவிட்டால் வெளியே நிற்கும் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

“இது யாருக்குப்பா அடிக்குது?” என்று கேட்டாள்.

“டிரைவருக்குக்கா. ரிவர்ஸ்ல இருக்குன்னு தெரியறதுக்கு.”

“ரிவர்ஸ் போட்டது நீதானே. உனக்கே உன்கிட்ட சொல்லுதா?”

என் வீட்டுக்காரருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கியரைத் தள்ளியவருக்கே அதைத் தெரிவிக்கிறார்கள். வண்டிக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரிவிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை லட்சம் கொடுத்து வாங்குகிற பொருளில் இதுதான் மூளையா?

“வெளியில கேக்கற மாதிரி ஒண்ணு மாட்டுங்க” என்றேன். “ஐயோ அண்ணி, மினி லாரி மாதிரி பாட்டு போட்டுட்டா போறது? வாரண்டி போய்டும். க்ளாஸே போய்டும்” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: “அண்ணா, வைட்ஃபீல்ட் ஃபுல்லா இனிமே இந்த மாதிரி வண்டிதான் வரும். அக்கா தனியா போறது ரிஸ்க். வேலைய விட்டுடச் சொல்லுங்க.” என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார்.

இதுதான் எனக்குத் தாங்கவில்லை. சத்தம் போடாத கார் ரோட்டில் இருக்கலாம், காது கொடுத்து நடப்பவள் வீட்டில் இருக்க வேண்டும். அவள் சம்பளம், அவள் தெம்பு, அவள் பழகிய வழி எல்லாம் இவருடைய க்ளாஸுக்காகப் போக வேண்டும்.

காரின் டாஷ்போர்டைத் திறந்து அதன் மேனுவல் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன். “இத நான் படிக்கணும். வா திலகா, பஸ்ல போலாம்.” வீட்டுக்காரர் பிரசாதப் பையோடு தம்பியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். கடைசியில் எங்கள் பின்னால் நடந்து வந்தார்.

பஸ்ஸில் போக நினைப்பவர்களுக்கு: காட்டியிலிருந்து தொட்டபள்ளாபுரம் ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய், அங்கிருந்து பெங்களூர் மெஜஸ்டிக் ஸ்டாண்டுக்கு இருபத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை அரை மணிக்கு ஒன்று இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கும். தொட்டபள்ளாபுரம் ஸ்டாண்டில் பஸ் ரிவர்ஸ் எடுத்தபோது கண்டக்டர் பின்னால் போய், தகரத்தைத் தட்டிக்கொண்டே “பர்லி, பர்லி, பர்லி”, அதாவது வரட்டும், வரட்டும் என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். போதாததற்கு விசில் வேறு. “இந்த கண்டக்டர அந்தக் கார்ல மாட்டி வெச்சா எவ்ளோ க்ளாஸா இருக்கும்” என்றாள் திலகா.

அன்று சாயங்காலமே அகராதியை வைத்துக்கொண்டு புத்தகத்தைப் படித்தேன். புரியாததைக் கம்ப்யூட்டரில் தேடினேன். சாதாரண கார்களில் பின்னால் போவதற்கென்று தனியாக ஒரு பல்சக்கரம் இருக்கும். எஞ்சின்தான் அதைச் சுழற்றும், அதனால் சத்தம் வரும். இந்த மாதிரிக் காரில் அந்தப் பல்சக்கரமே இல்லை. பின்னால் போக மின்மோட்டாரை மறுபக்கமாகச் சுற்றவிடுகிறார்கள், அவ்வளவுதான். எஞ்சினுக்கு அதில் பங்கில்லை. பேட்டரி இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடும், ஆனால் கரண்ட் தயாரிக்கத்தான் ஓடும். ஆகவே எஞ்சின் சத்தம் கேட்டாலும் கார் நின்றுகொண்டிருக்கலாம், கேட்காவிட்டாலும் நம் மேல் வந்துகொண்டிருக்கலாம். எல்லா ஹைப்ரிடும் இப்படி இல்லையாம், சிலவற்றில் எஞ்சினே பின்னால் தள்ளுகிறதாம். வெளியில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்?

இதைத் திலகாவுக்கு வாசித்துக் காட்டினேன். வேலையை விடச் சொல்லப் போகிறேன் என்று வீட்டுக்காரர் நினைத்தார். திலகா பீரோவிலிருந்து பழைய மடக்குக் கோலை எடுத்து விரித்துப் பார்த்தாள். “நாலு கேட்டுலயும் வாட்ச்மேன் இருக்காங்க. வண்டி வருதான்னு கேட்டுட்டுப் போறேன். கேக்கறதுக்கு எனக்கென்ன வெக்கம், மாமா?” என்றாள். மறுநாள் காலில் பிளாஸ்திரியோடு போனாள். பத்து மணிக்கு ஆபீசிலிருந்து திலகாவே போன் செய்தாள்: “குட் மார்னிங், உங்களுக்கு யார் லைன் வேணும்?” நான் அழுதுவிட்டேன்.

காட்டிக்குப் போகிறவர்கள் சீக்கிரம் கிளம்புங்கள், மறக்காமல் அந்தக் கண்ணாடியில் நரசிம்மரைப் பாருங்கள். செருப்பைக் காருக்குப் பின்னால் விட்டது உங்கள் தப்பு என்று கீழே கமெண்ட் எழுத நினைப்பவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம். ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள் கார் சாமான் விற்கும் ஜே.சி. ரோட்டுக்குப் போங்கள். ரிவர்ஸ் ஹாரன் நூற்றெண்பது ரூபாய், மாட்டித் தரக் கூலி ஐம்பது. ரிவர்ஸ் விளக்கின் ஒயரிலேயே சேர்த்துவிடுகிறார்கள். நான் நேரில் போய் விசாரித்துவிட்டேன்.

செந்தில் இன்னும் மாட்டவில்லை. மாட்டும்வரை அந்தக் கார் எங்கள் சந்துக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். போன ஞாயிறு மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு வந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். ஜன்னலோரம் இருந்த திலகா சொன்னாள்: “அக்கா, காபி போடு. செந்தில் வர்றான். நடந்து வர்றான், நல்லா கேக்குது.”