கவிழ்ந்து கிடக்கும் கல்

'ஆடி மூன்றாம் வெள்ளி. குழாய் திறப்பு. கல் குப்புறக் கிடந்தது.' என் பழைய நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தூறல் விழுந்தால்கூடக் குறித்துவைக்கிற நான், அந்தக் கல்லில் யார் பெயர் இருந்தது என்று எழுதவில்லை.

ஆரணியில் எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் குவைத்துப் பணத்தில் வந்தவை. தறியை விட்டு அங்கே வேலைக்குப் போன தெருப் பிள்ளைகள் சேர்ந்து அனுப்பினார்கள். பொறுப்பை என் பெரியம்மாவிடம் விட்டார்கள். அவருடைய மகனும் அவர்களில் ஒருவர். அதுவரை தண்ணீர் லாரிக்காகக் கவுன்சிலர் வீட்டு வாசலில் நாங்கள் நிற்போம். பணம் வந்த பிறகு அவர் எங்கள் தெருவுக்கு வந்தார். மோட்டாருக்கு மின் இணைப்பு வாங்க அவர் கையெழுத்து வேண்டும். அவருக்குத் திறப்புக் கல்லில் தன் பெயர் வேண்டும். மகனோ போனில், "எங்க பேரு மட்டும்தாம்மா இருக்கணும். இல்லன்னா இனிமே பைசா வராது" என்றார். ஊர் திரும்பி எங்கள் வார்டில் தேர்தலுக்கு நிற்கும் எண்ணம் அவருக்கு.

பெரியம்மா இரண்டு பேருக்கும் சரி என்றார். கையெழுத்து வந்தது, மின்சாரம் வந்தது, சாக்கு சுற்றிய கல்லும் வந்தது. திறப்பன்று காலையில் பார்த்தால், குழாயடியில் அது கவிழ்ந்து சிமெண்டில் இறுகிக் கிடந்தது.

"இன்னாம்மா இது? எம் பேரு எங்க?" என்றார் கவுன்சிலர்.

"அடியில கீதுங்க. கொத்தனாரு தெரியாம கவுத்துட்டாரு. இப்ப பேத்தா பைப்பு பூடும். ஜல்தியா தொறங்க, பொம்பளைங்க குடத்தோட நின்னுகினு கீறாங்க" என்றார் பெரியம்மா.

"பேரையா குடிக்கப் போறோம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தெருவே சிரித்தது. தேர்தல் நெருங்கியிருந்ததால் கவுன்சிலரும் சிரித்தார். மாலையில் பெரியம்மா மகனிடம் போனில் சொன்னது எனக்குக் கேட்டது: "உங்க பேருதான்டா. யாரும் மிதிக்கக் கூடாதுன்னு கவுத்துப் போட்டுக்கீது."

அடுத்த தேர்தலுக்கு மகன் வந்து நின்றார். கல்லைப் புரட்டிக் காட்டக் கடப்பாரையோடு வந்தபோது, பெரியம்மா அதன்மேல் ஊறவைத்த புடவைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார். "தோய்ச்சிகினு கீறேன், கண்ணு தெரியல? போடா அப்பால." கல்லைப் புரட்டாமலே மகன் ஜெயித்தார். இப்போது சான்றிதழுக்கும் சாக்கடைக்கும் அவர் வாசலில் போய் நிற்கிறோம்.

பெரியம்மா இன்று உயிரோடு இல்லை. அந்தக் கல்லில் இன்றும் துணி தோய்க்கிறார்கள். அலசி அலசி அதன் முதுகு வழவழப்பாகிவிட்டது. கல்லைச் செய்து கொடுத்தவர் களம்பூர்ப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். அவரைப் பார்க்க முடியவில்லை. அதில் இருப்பது யார் பெயர், எழுத்தே ஏதாவது உண்டா என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை.