கால்வாய்க் கரைப் பச்சிலை

ஊரில் எல்லோரும் அவரை மருந்துக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரை கொடுக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு வயல் வயலாகப் போய்க் களைக்கு மருந்தடிப்பதுதான் அவர் பிழைப்பு. அவர் மனைவிக்கோ அந்தக் களைதான் மருந்து. கூலிக்குக் களை பறித்த காலத்திலிருந்தே, உதவுகிற செடிகளை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அரிப்புக்குக் குப்பைமேனி, சளிக்குத் தும்பை, வெட்டுப்பட்டால் வெட்டுக்காயப் பூண்டு.

"நான் கொல்றதை எல்லாம் நீ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுறே" என்பார் அவர்.

"நீங்க விட்டு வச்சதைத்தானே எடுக்கிறேன்" என்பாள் அவள்.

ஒருமுறை அவருக்கே மணிக்கட்டில் அரிப்பு வந்தது. டாக்டரம்மா களிம்பு கொடுத்து, கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யச் சொன்னார். காலையில் களிம்பு, சாயங்காலம் மனைவி உப்பு வைத்து அரைத்த குப்பைமேனி. கையுறையும் போட்டார். அரிப்பு போய்விட்டது. எதனால் போனது என்று கேட்டால் இன்றைக்கும் திருதிருவென்று முழிப்பார்.

ஒரு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, டிராக்டர் டிரைவரின் காலைக் கலப்பை கிழித்துவிட்டதாக மனைவி சொன்னாள்.

"பச்சிலையைக் கசக்கிக் கட்டிட்டுத்தான் வர்றேன்."

"எங்க பறிச்சே?"

"கால்வாய்க் கரையில. வேற எங்க இருக்கு? மத்த இடத்தைத்தான் மொட்டையடிச்சிட்டீங்களே."

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. அந்தக் கரைக்கு முந்தாநாள்தானே மருந்தடித்தார்? அடித்தாரா? காற்று அதிகம் என்று பாதியில் நிறுத்தியது இந்தக் கரையிலா, அடுத்ததிலா? அடித்த செடி உடனே வாடாது. சில நாள் பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதே தவிர ஒன்றும் பிடிபடவில்லை. செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

டிரைவர் கட்டிலில் காலை நீட்டியபடி சிரித்தான். "வாங்கண்ணே. அண்ணி கை பட்டதும் ரத்தம் நின்னுடுச்சு."

"கட்டை அவிழுப்பா. அதுல மருந்து இருக்கும்!"

"மருந்துன்னுதானேண்ணே கட்டினாங்க?"

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. அவரே கட்டை அவிழ்த்துச் சோப்புப் போட்டுக் கழுவி, கைத்தாங்கலாக டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார். டாக்டரம்மா இன்னொரு தடவை நன்றாகக் கழுவித் தையல் போட்டு, ஊசியும் போட்டார்.

"அந்த இலையில களைக்கொல்லி இருந்துச்சா?"

"தெரியலம்மா."

"மருந்தடிச்சது நீங்கதானே?"

"அதுதாம்மா தெரியல."

காயம் ஆறிவிட்டது. எல்லாம் இலையால்தான் என்றான் டிரைவர். தையலும் ஊசியும்தான் என்றார் டாக்டரம்மா. மனைவியோ, "நடுவுல புகுந்து கழுவாம இருந்தா இன்னும் சீக்கிரம் ஆறியிருக்கும்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று அவளைக் கரைக்குக் கூட்டிப் போனார். பாதிக் கரை கருகிக் கிடந்தது. மீதிப் பாதி பச்சையாக இருந்தது.

"இப்ப சொல்லு. எந்தப் பக்கம் பறிச்சே?"

பச்சையைக் காட்டினாள். கொஞ்சம் நடந்து பார்த்துவிட்டுக் கருகின பக்கத்தைக் காட்டினாள். பிறகு இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டாள்.

"ரத்தம் கொட்டுற அவசரத்துல யாருங்க பார்த்தா?" குரல் இறங்கியிருந்தது. அவளுக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அதன்பிறகு மருந்தடித்த இடத்திலெல்லாம் சிவப்புத் துணி கட்டினார். "என்னப்பா, வரப்புக்கும் எலெக்ஷனா?" என்று கேலி செய்தார்கள். மருந்து எட்டாத தரிசிலிருந்து நாலைந்து செடியை வேரோடு கொண்டுவந்து கொல்லையிலும் நட்டார். ஆயுசு முழுக்கக் களையைக் கொன்றவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு அதற்குத் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்து டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஊற்றின தண்ணீருக்கு வேறு என்னென்னவோ முளைத்தன. ஒன்றைப் பிடுங்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இது வேணுங்கிறதா, வேணாங்கிறதா?"

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"பூக்கட்டும். அப்புறம் சொல்றேன்."