ஒன்பது நாள் சரிபார்ப்பு

அனந்தகிருஷ்ணனுக்கு ஆசை என்று ஒன்றுதான் பாக்கி. குகட்பள்ளியில் வீடு வாங்கியாகிவிட்டது, பெண் டாக்டருக்குப் படிக்கிறாள். ஆனால் மென்பொருளில் ஓட்டையைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்லி உலகத்துக்கே அனுப்புவார்களே ஒரு பாதுகாப்பு அறிவிப்பு, அதில் பத்தொன்பது வருட சர்வீஸில் ஒருமுறைகூட அவர் பெயர் வந்ததில்லை.

அது இப்போது ரமாவுக்கு வரப்போகிறது. அல்வாலில் பிறந்து வளர்ந்த உள்ளூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டே வருடம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கம்ப்யூட்டரை நெட்வொர்க்கோடு இணைக்கும் டிரைவர் மென்பொருளில் அவள் ஒரு கோளாறைப் பிடித்திருந்தாள். கோணல்மாணலான டேட்டா பாக்கெட் வந்தால் டிரைவர் அதை ஒதுக்கிவிடுகிறது, ஆனால் அதற்காக எடுத்த மெமரியைத் திருப்பித் தருவதில்லை. எவனோ ஒருவன் வெளியில் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே அப்படி அனுப்பிக்கொண்டிருந்தால் போதும், பாஸ்வேர்டே தேவையில்லை, சில மணி நேரத்தில் சர்வர் படுத்துவிடும்.

இதில் பெரிய கொடுமை, அந்த மெமரி கசிவு அனந்தகிருஷ்ணனுக்குப் புதிதல்ல. டெஸ்ட் சர்வரில் மெமரி குறைவதை மூன்று வருடத்துக்கு முன்பே பார்த்து, ஞாயிறுதோறும் அது தானாக ரீஸ்டார்ட் ஆகி மெமரி மீளும்படி ஏற்பாடு செய்தவரே அவர்தான். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள். ரமா அந்த ரீஸ்டார்ட்டை இரண்டு வாரம் நிறுத்திவைத்து, ஏன் குறைகிறது என்று பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள்! அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

டிரைவரை எழுதிய நிறுவனத்துக்கு அவள் எழுதிய அறிக்கை போக அவர் ஒப்புதல் வேண்டும். முதல் நாள் மாலையே முழுக்கப் படித்துவிட்டார். ஒரு குறையும் இல்லை. மறுநாள் குறை தேடிப் படித்தார். அதற்கு மறுநாள் வேறு மெஷினில் ஓட்டிப் பார்த்தார். பாழாய்ப் போன சர்வர், அவள் எழுதியபடியே விழுந்து தொலைத்தது.

“எப்போ அனுப்பலாம் சார்?” என்று ரமா ஐந்தாம் நாள் கேட்டாள்.

“பாக்கறேம்மா. செக்யூரிட்டி விஷயம், அவசரப்பட்டா நம்ம பேர்தான் கெடும்.”

“ஹவ் சார், அதுவும் சரிதான்” என்று அந்த ஊர் வழக்கில் ஆமாம் போட்டுவிட்டு நம்பிப் போனாள்.

ஒன்பதாம் நாள் காலை அந்த நிறுவனத்தின் அறிவிப்பு வெளிவந்தது. அதே டிரைவர், அதே கசிவு. கண்டுபிடித்தவர் என்று போட்டிருந்தது எந்த ஊர்க்காரரோ, முன்பின் தெரியாத பெயர். அதைப் பார்த்ததும் அனந்தகிருஷ்ணனுக்கு முதலில் வந்தது நிம்மதி. நிம்மதியேதான். அப்பாடா, அவளுக்கும் இல்லை.

சற்று நேரத்தில் ரமா நோட்டும் பேனாவுமாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“எனக்கு அழுகையே வந்துடுச்சு சார். ஆனா வேற யாரா இருந்தாலும் படிக்காமலே ஓகே போட்டிருப்பாங்க. நீங்க ஒன்பது நாள் உக்காந்து செக் பண்ணிருக்கீங்க. என்னென்ன தப்பு இருந்துச்சுன்னு சொல்லுங்க சார், அடுத்த தடவை திருத்திக்கறேன்.”

பேனா மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று அவரும் தேடித்தான் பார்த்தார். ஒன்பது நாள் தேடியும் கிடைக்காதது இப்போது மட்டும் கிடைக்குமா?

“ஒண்ணும் இல்லம்மா” என்றார். “முதல் நாளே எல்லாம் சரியாத்தான் இருந்தது.”

ரமா அவரையே பார்த்தாள். பிறகு பேனாவை மூடினாள்.