அமாவாசையின் பொய்ப்பெட்டி

மருதாயி ஏலத்தோட்டத்தை விட்டுப் போனது 1979 ஐப்பசியில், ஒரு புதன்கிழமை காலை. தலையில் தகரப்பெட்டி, அதன்மேல் சுருட்டிய பாய், இடுப்பில் மூன்று வயது மகள். தூறலுக்கு மகளின் தலையில் மட்டும் ஒரு சாக்கை மடித்துப் போட்டிருந்தாள். தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்களில் பெண்கள் நின்றார்கள். கணவன் இறந்த பிறகும் அங்கேயே இருந்து, மொத்தம் எட்டு வருஷம் வேலை செய்தவள் அவள்.

போடியில் ரேடியோ ரிப்பேர் செய்யும் அமாவாசை, கீழே இறங்குவதற்காக ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். மடியில் துணி சுற்றிய மரப்பெட்டி. மருதாயி ஜீப்பைத் தாண்டும்போது மகளை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனாள். வளைவில் மறைந்தாள். அவளைக் களவாணி என்று சொன்னது அந்தப் பெட்டி. பெட்டி அப்படி எதுவுமே சொல்லவில்லை என்று தெரிந்தவன் அந்த மலையில் அமாவாசை ஒருத்தன்தான். அவன் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்திருந்தான்.

அமாவாசை ராசிங்காபுரத்துக்காரன். அப்பனுக்கு வெங்காயக் காடு இருந்தும் மண்வெட்டி அவனுக்குப் பிடிபடவில்லை. மதுரையில் ஒரு கடையில் தொழில் பழகி, போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டான். கை சுத்தமான கை. வாய்தான் கிடையாது. யாராவது குரலை உயர்த்தினால் போதும், தப்பு யாருடையது என்று பார்ப்பதற்கு முன்பே தன்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிடுவான்.

1979 பொங்கலுக்கு ஒரு துப்பறியும் படம் வந்தது. அதில் வில்லனின் குகையில் ஒரு பெட்டி. பிடிபட்டவன் இரண்டு பித்தளைக் குழாய்களை இரு கையாலும் பிடிக்க வேண்டும். பொய் சொன்னால் சிவப்பு விளக்கு எரிந்து மணி அலறும். அமாவாசை அதை ஆறு தடவை பார்த்தான். திரைக்குப் பின்னால் யாரோ சுவிட்ச் போட்டிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். தான் செய்யும் பெட்டி நிஜமாகவே எரிய வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

செத்துப்போன வால்வு ரேடியோவின் கூடு, இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு பேட்டரி, சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் பல்பு, ஒரு பஸ்ஸர். ஒரு கையிலிருந்து மறு கைக்கு உடம்பு வழியாக ஓடும் துளி மின்சாரத்தை டிரான்சிஸ்டர்கள் பெருக்கும். காய்ந்த கை பிடித்தால் பல்பு சும்மா இருக்கும். ஈரக்கை பிடித்தால் எரியும். பக்கவாட்டில் ஒரு திருகு. அதைக் குறைத்தால் எந்தக் கைக்கும் எரியாது. அவ்வளவுதான் சூட்சுமம். கடைக்கு வந்தவர்கள் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்கள். டீக்கடை மொக்கையனை, பாலில் தண்ணி ஊற்றுகிறாயா என்று கேட்டு எரியவைத்து ஊரே கேலி செய்தது. தான் செய்த ஒன்றைப் பார்க்கக் கூட்டம் கூடியது அமாவாசைக்கு அதுதான் முதல் தடவை.

அந்தக் கூட்டத்தில் ஏலத்தோட்டத்துக் கங்காணி ஜக்கையனும் நின்றிருந்தார். அந்தத் தோட்டத்து ஸ்டோரில் காயவைத்த ஏலக்காய் மூட்டை மூட்டையாகக் குறைந்துகொண்டிருந்தது. பெட்டியோடு மலைக்கு வரச் சொன்னார். அமாவாசை தயங்கினான்.

"அது சினிமாச் சாமான் அண்ணே. அதுக்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது."

"அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும் மாப்ளே. எடுத்தவ தொடப் பயப்படுவா. அவளைப் பிடிச்சுக்கிறேன். நீ பெட்டியக் கொண்டா, மத்த சோலிய நான் பாத்துக்கிறேன்."

மருதாயி போனதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஸ்டோர் வாசலில் பெண்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். குடை பிடித்தபடி மேனேஜரும் வந்து நின்றார். வரிசையில் பெரும்பாலும் ஸ்டோருக்குள் காய் பொறுக்குகிறவர்கள். உலர்ந்த கைகள். ஒவ்வொருத்தியாக வந்து பிடித்தார்கள். பல்பு எரியவில்லை. கடைசியில் மேட்டுச் சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்த மருதாயியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஓடிவந்தவள் இடுப்புச் சாக்கில் கையைத் துடைத்துவிட்டுக் குழாய்களைப் பிடித்தாள்.

ஸ்டோரில் காய் எடுத்தாயா என்று ஜக்கையன் கேட்டார். இல்லை என்றாள். பல்பு எரிந்தது. பஸ்ஸர் அலறியது. பக்கத்தில் நின்றவள் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

"இன்னொருக்காப் பிடிக்கிறேன்" என்றாள் மருதாயி. இரண்டாம் முறை முன்னைவிடப் பிரகாசமாக எரிந்தது.

அப்போதுதான் அமாவாசை அவள் இடுப்பைப் பார்த்தான். ஒரு சின்னத் துணி முடிச்சு, நனைந்து பிசுபிசுத்துத் தொங்கியது. அட்டைக்காக வைத்திருக்கும் உப்பு. மழைக்காலத்தில் மலையில் காய் எடுக்கிற எல்லாரிடமும் அது இருக்கும். காலில் அட்டை ஏற ஏற அந்த முடிச்சால் தொட்டுத் தொட்டு உதிர்ப்பார்கள். நாளெல்லாம் உப்பில் ஊறிய கை அது. அந்தக் கை பிடித்தால் எரியாமல் என்ன செய்யும்?

திருகு அவன் கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது. ஒரு சுற்றுக் குறைத்தால் விளக்கு அணைந்துவிடும். 'உப்புங்க' என்று ஒரு வார்த்தை தொண்டைவரை வந்தது. அதற்குள் ஜக்கையனின் கை அவன் தோளில் விழுந்தது. அமாவாசை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். கண்கள் விரிந்திருந்தன. உனக்கும் எனக்கும் தெரிஞ்சாப் போதும் என்று சொன்ன மனிதர் இப்போது நம்பிவிட்டார். இவ்வளவு பேர் நம்பிய பிறகு, பொய் என்று சொன்னால் தன்னை என்ன செய்வார்கள்? கீழே போக அவருடைய ஜீப்பை விட்டால் வேறு வழி கிடையாது. கட்டைவிரலைத் திருகிலிருந்து எடுத்துக்கொண்டான்.

போடிக்கு வந்ததும் டிரான்சிஸ்டர்களைப் பிடுங்கிப் போட்டான். பயம் அதோடு போகவில்லை. மருதாயி பஸ் ஏறும் போடிமெட்டுக்கு வந்து சேரவே இல்லை என்றார்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் தகரப்பெட்டி கிடந்ததாக லாரிக்காரன் ஒருத்தன் சொன்னான். ஜீப்பு கடை முன்னால் நின்றால் அமாவாசை பற்றவைக்கும் ஈயத்தைச் சிந்திவிடுவான். மூன்றாம் வருஷம் மலையடிவார ஓடையில் எலும்புகள் கிடைத்தபோது, கூட்டத்துக்குப் பின்னால் நின்று, அது ஆண்பிள்ளையுடையது என்று கேட்கும்வரை மூச்சுவிடவில்லை. பிறகு ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தான். அப்போதுதான் மனைவி மூக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"போயி அந்த மேனேஜர்கிட்டச் சொல்லிட்டு வெரசா வாங்க. ஆளையா முழுங்கிருவாரு?" என்றாள் அவள்.

போனான். போடிமெட்டில் இறங்கி ஒரு டீ குடித்தான். தோட்டத்துக்குப் போகும் ஜீப்பு எதிரே வந்து நின்றது. அமாவாசை வந்த பஸ்சிலேயே ஏறித் திரும்பிவிட்டான். அதற்குப் பிறகு மூக்கம்மாள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அது அவனுக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

1983-இல் உண்மையான களவாணி பிடிபட்டான். ஸ்டோர்காரரின் மச்சினன், பின்சுவரில் ஓட்டை போட்டிருந்தான். டேப் ரெக்கார்டர் ரிப்பேருக்கு வந்த ஜக்கையன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். அமாவாசை மெதுவாக, அப்படியானால் மருதாயி, என்று இழுத்தான்.

"அவளுந்தான் மாப்ளே. மெஷினே சொல்லிருச்சுல்ல? இவன் வேற களவு."

அமாவாசை குனிந்து திருப்புளியைத் தேடினான். அது கையில்தான் இருந்தது.

1988 தை மாதம் ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. 'ரேடியோக்காரர் அமாவாசை, போடி' என்று மட்டும் முகவரி. வண்டிப்பெரியாறு முத்திரை. பள்ளிக்கூடப் பிள்ளையின் குண்டு குண்டான எழுத்து. அனுப்பியவர் இடத்தில் மருதாயி என்று இருந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள். அமாவாசை ஓரத்தைக் கிழித்துப் படித்தான்.

'ரேடியோக்கார அப்புவுக்கு மருதாயி எழுதச் சொல்வது. எழுதுவது என் மகள். இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலையாக இருக்கிறேன். ஸ்டோர் சாவியை என்னிடம் குடுக்கிறேன் என்று மூணு தடவை கேட்டுவிட்டார்கள். நான் வாங்கவில்லை. எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது. காயை எடுத்த ஞாபகம் எனக்கு இல்லை. ஆனால் மெஷின் ரெண்டு தடவை எரிந்ததே. எனக்குத் தெரியாமல் நான் எடுத்திருப்பேனா? அன்றைக்குப் பசிக்கு ரெண்டு பச்சைக்காய் வாயில் போட்டேன். அதற்குத்தான் எரிந்ததா? உனக்குத்தான் தெரியும், அப்பு. ஒரு வரி எழுதிப் போடு.'